நிலக்கடலைக் கனத்தில் ஒரு வால்வு

மாமனாரின் காதுப்பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் அப்துல் வஹீதுக்கு அந்தக் கவலை வந்தது. உள்ளே இருக்கும் வால்வைக் கழற்றிவிட்டால் பெட்டி லேசாகிவிடுமே, மனுஷர் கண்டுபிடித்துவிட மாட்டாரா?

பகல் மூன்று மணி. மாமனார் குடைக்கடை உமர் பாரூக் லுஹர் தொழுதுவிட்டு, ஆட்டுக்கறிச் சட்டியையும் ஒரு கை பார்த்துவிட்டு, கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெட்டி தலையணை ஓரத்தில் கிடந்தது. காது மந்தமாகிவிட்டது என்று போன மாசம் மதராஸுக்குப் போய் அவர் வாங்கி வந்த சாமான் அது. சட்டைப்பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர்.

வஹீது மூடியைத் திறந்தான். ரேடியோவில் இருப்பதுபோன்ற மூன்று குட்டிக் கண்ணாடி வால்வுகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிலக்கடலை அளவு. நிக்காஹ் அன்றுகூட அவன் நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

ஒன்றை எடுத்துக்கொண்டான். பையில் வைத்திருந்த கடலைமிட்டாயை உடைத்து, ஒரே ஒரு கடலையை அந்த இடத்தில் வைத்து மூடினான். கனம் சரியாக இருந்தது.

உண்மையில் வஹீது திருடனல்ல. காஜிமார் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்பவன், மாமனார் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. அவனுக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் பகல் கனவு. மூங்கில் சீவலும் பச்சைப் பட்டத்தாளும் ஒரு குட்டி எஞ்சினும் கொண்டு ஐந்தடி விமானம் ஒன்று செய்திருந்தான். தரையில் நின்று பொத்தானை அமுக்கினால் வயரே இல்லாமல் அது வானத்தில் திரும்ப வேண்டும். வைகை மணலுக்கு மேலே அது மிதந்து போவதும், யானைமலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவன் உள்ளங்கையைத் தேடி வருவதும் ஈயம் உருகும் புகைக்குள் அவனுக்கு அப்படியே தெரியும். ரிப்பேருக்கு ரேடியோ கொண்டுவந்தவர்கள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் போய்விடுவார்கள்.

போன பெருநாளன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் உமர் பாரூக் வெடித்தார்.

“மாப்ள, ஒன் காகிதக் குருவி சமயநல்லூர்ப் பொட்டல்ல கெளம்பி, கண்மாய்க்கரைப் பனைய ஒரு சுத்துச் சுத்திட்டு ஒங்கிட்டயே திரும்பி வரட்டும். நீ வால்வோடயே இரு, நான் வாயத் தொறக்கல. வரலேன்னா ரேடியோக் கடைய இழுத்து மூடிட்டு எங்கூடக் குடைக்கடையில ஒக்காரணும். ஆயுசுக்கும்!”

“சரி மாமா.”

“இதுக்குன்னு எங்கையால ஒரு ஆணி கூடத் தரமாட்டேன். சொல்லிட்டேன்.”

“நானும் கேக்கமாட்டேன் மாமா. ஒரு ஆணி கூட.”

இரண்டு பேருமே சொன்ன சொல்லை விடாத முரடர்கள்.

செய்தி அனுப்பும் பெட்டி சுலபமாக அமைந்துவிட்டது. விமானத்துக்குள் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டிய ரிசீவர்தான் மானத்தை வாங்கியது. யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட வால்வுகள் ஏலக்கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. முதலில் வாங்கியதற்குக் கால் பொருந்தவில்லை. காலை ஒட்டுப்போட்டுப் பொருத்தினால் வோல்ட் பொருந்தாமல் எரிந்துபோனது. அடுத்ததற்கு வோல்ட் பொருந்தியது, ஆனால் எலுமிச்சம்பழக் கனம். அதைச் சுமந்த விமானம் மூக்கால் மண்ணைத் தோண்டியது.

அன்றிலிருந்து வஹீது சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினான். “ஒன்றரை வோல்ட்டு, நெலக்கடலக் கனம். ஒன்றரை வோல்ட்டு, நெலக்கடலக் கனம்.”

“கடலக் கனமோ கல்லுக் கனமோ, மொதல்ல சோத்தத் திங்குங்க” என்பாள் மனைவி பக்ருன்னிசா. உமர் பாரூக் தலை நிமிராமல் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

இப்போது கடலைக் கனம் கிடைத்துவிட்டது. ரிசீவரில் வைத்துப் பொத்தானை அமுக்கியதும் விமானத்தின் வால் டக்கென்று இடப்பக்கம் திரும்பியது. வஹீது அதை முத்தமிட்டான்.

இந்தப் பக்கம் வீடு சந்தைக்கடையாகிவிட்டது. பெட்டி செத்துப்போனதால் உமர் பாரூக்கிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அத்தா, மீன்ல உப்பு தூக்கல்!” என்று பக்ருன்னிசா கத்துவாள். அது கேட்டு எதிர்வீட்டில், மீனுக்குப் பதில் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கொடுத்தனுப்புவார்கள். வெற்று வயரைக் காதில் சொருகிக்கொண்டு தலையாட்டும் மாமனாரைப் பார்க்கப் பார்க்க வஹீதைப் பாவம் பிடித்து ஆட்டியது.

பாவம் ஒரு பக்கம் இருக்க, பேட்டரி இன்னொரு பக்கம் இடித்தது. ஏலக்கடைப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு விமானம் எழும்பாது. அந்தக் குட்டி வால்வுக்குப் பொருத்தமான குட்டி பேட்டரியும் அதே காதுப்பெட்டிக்குள்தான் இருந்தது.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு அதுவும் போயிற்று. அந்த இடத்தில் சலவைச் சோப்பை அறுத்து வைத்தான்.

அதற்கடுத்த நாள் எறும்பு வந்தது. கடலையில் ஒட்டியிருந்த வெல்லப்பாகைத் தேடி, சட்டைப்பை வழியாகப் பெட்டிக்குள் போய், வயர் வழியாக ஏறி, உமர் பாரூக்கின் தாடிக்குள் இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்ருன்னிசாதான் பெட்டியைப் பிடுங்கித் திறந்தாள். திறந்தவள் புருஷனை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

“எங்கத்தா காதுல கடலையும் சோப்பும் வச்சவரு நீங்கதானே?”

“மெதுவாப் பேசு புள்ள.”

“அவருக்குத்தான் கேக்காதே! கேக்கவிடாமப் பண்ணிட்டீங்களே!” அவள் கண் நிறைந்துவிட்டது. “ஞாயித்துக்கெழமப் பந்தயம் வரைக்கும்தான். அன்னைக்குச் சாயங்காலம் வால்வும் பேட்டரியும் பெட்டிக்குள்ள இருக்கணும். இல்லேன்னா நானே எல்லாத்தையும் சொல்லிருவேன்.”

“வச்சிர்றேன் பக்ரு. சத்தியமா.”

வெளியே வந்தபோது உமர் பாரூக் பெட்டியை அவனிடம் நீட்டினார். ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

“மாப்ள, இது ஊமையாப் போச்சு. நீதான் வால்வுக்காரனாச்சே, நீயே வச்சுப் பாரு. மிச்சமிருக்குற சாமானும் ஒனக்கு வேண்டியதா இருந்தா... ஒட்டுப்போட்டுப் பாரு. எனக்கு அவசரமில்ல.”

திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கிறாரே என்று வஹீது கூனிக் குறுகிப்போனான். ஆனாலும் அன்று மாலை ரிசீவரின் காயில் சுருளுக்குக் கொஞ்சம் கம்பி போதாமல்போக, பெட்டியில் இருந்த மெல்லிய கம்பியும் விமானத்துக்குள் குடியேறியது.

ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வண்டியில் சமயநல்லூருக்குப் போனார்கள். வண்டி ஓட்டியது சங்கிலி. உமர் பாரூக் கடைக்கும் மசூதிக்கும் ரயிலடிக்கும் போவது எப்போதும் அவன் வண்டியில்தான். பின்னால் இரண்டு வண்டி நிறைய உறவுக்காரர்கள், தோற்பதைப் பார்ப்பதற்கென்றே சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அறுப்பு முடிந்த வயல்கள் மஞ்சள் வெயிலில் சோம்பிக் கிடந்தன. குட்டி எஞ்சின் உறுமியதும் பச்சை விமானம் வஹீதின் கையை விட்டு மெல்ல நழுவிப்போனது. எழுந்தது. இன்னும் எழுந்தது. அதன் நிழல் வரப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடியது. வஹீதுக்குத் தன் கால் தரையில் இருப்பதே மறந்துவிட்டது. பனைக்கு நேராக வந்தபோதுதான் திடுக்கிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

விமானம் திரும்பவில்லை. இன்னொரு தடவை அமுக்கினான். நேராகவே போனது. குடைக்கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆயுசு பூராவும் உட்கார்ந்திருக்கும் தன் முதுகு அவன் கண்முன் தெரிந்தது.

“யா அல்லா, திருப்பிவிடு” என்று உதட்டுக்குள் முணுமுணுத்தான்.

“ஆமீன்” என்றார் முதுகுக்குப் பின்னால் நின்ற உமர் பாரூக்.

வஹீது மூன்றாம் தடவை அமுக்கினான். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. பனை உச்சியை அவசரமே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, வெயிலைச் சிறகில் வாங்கிக்கொண்டு வந்து, அவன் காலடியில் அறுத்த நெல்தாளில் வயிறு உரசி நின்றது.

உறவுக்காரர்கள் சோற்று மூட்டையை மறந்து கை தட்டினார்கள். உமர் பாரூக் தோற்ற மனுஷனுக்கு ஆகாத சிரிப்பொன்று சிரித்தார்.

“தோத்துட்டேன் மாப்ள. நீ வால்வோடயே இரு” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கண்மாய்ப் பக்கம் நடந்தார்.

வஹீது விமானத்தின் வயிற்றைத் திறந்து வால்வைக் கழற்றினான். ஜெயித்தும் அவனுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றது சங்கிலி மட்டும்தான். யாரிடமாவது சொன்னால்தான் ஆறும்போல் இருந்தது.

“சங்கிலி, பெரிய பாவம் பண்ணிட்டேன்யா. மாமா காதைத் திருடித்தான் இதைப் பறக்கவிட்டேன். ஒரு வாரமா மனுஷன் ஒண்ணுமே கேக்காமத் தவிக்கிறாரு.”

சங்கிலி சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“பெரிய பாய்க்கா காது கேக்காது? மதராஸு ரயிலுக்கு நாந்தானே கொண்டுபோயி விட்டேன், ‘ஒன்றரை வோல்ட்டு, நெலக்கடலக் கனம்’னு டேசன் வரைக்கும் மனப்பாடம் பண்ணிக்கிட்டுல்ல வந்தாரு!”