வாங்காச்சி சொல்லாமல் விட்ட ஒரு வாங்க

எருமை மாட்டுக்கு 'வாங்க' சொன்ன பெண்பிள்ளை எங்கள் செட்டிநாட்டில் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை, இனி யாரும் சொல்லப் போவதும் இல்லை. எங்கள் ஊரிலும் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்கு வரட்டும். காப்பி கொடுத்து, பொய் என்று சொல்லி அனுப்புகிறேன்.

காரைக்குடியில் எங்கள் தெரு முழுக்க அவளுக்கு 'வாங்காச்சி' என்றுதான் பெயர். சாமி பெயராக ஒரு சொந்தப் பெயரும் உண்டு. அதைச் சொன்னால் இன்றைக்குத் தெருவில் ஒருத்தருக்கும் ஆள் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மகள். பிறந்தது பினாங்கில், படித்தது இலங்கையில், கண்டிப் பக்கம். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் என் மாமனார் "டாக்டருக்கு" என்று சொல்லிவிட்டு மழை தண்ணியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். காரணம், அது மாட்டு டாக்டர் படிப்பு.

லீவு விட்டால் பினாங்குக்குப் போய்த் திரும்புவதற்குள் லீவே முடிந்துவிடும். காரைக்குடி அப்படியில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறினால் ராமேசுவரம், அங்கிருந்து ரயில். ஆகவே சொந்தக்காரர்களைப் பார்க்க இங்கே வந்துவிடுவாள். அறுபதுகளின் கடைசி அது.

முதல் தடவை வந்து இறங்கினபோதே வம்பு. அன்றைக்கு வீட்டில் முன்னோர்களுக்கு ஒரு படைப்பு. நடுமுற்றத்து வளவு நிறையப் பங்காளிகள். இவள் கையில் பெட்டியோடு நடுவில் வந்து நின்று, ஒரே கும்பிடாகப் போட்டு, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கீழச்சிவல்பட்டியில் வாக்கப்பட்ட என் நாத்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"மொத்தமா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறாளே, அதுல என் பங்கு எம்புட்டு, மத்தவுக பங்கு எம்புட்டு? பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. வாங்கிக்கிட்டுப் போறேன்."

சொன்னதோடு விடவில்லை. இலையில் உட்காரவும் மாட்டேன் என்றுவிட்டாள். நான் ஓடிப்போய் இவளைப் பிடித்தேன்.

"ஆத்தா, நம்ம பக்கத்து வழக்கம் வேற. வீட்டுக்கு வந்தவுக ஒவ்வொருத்தரையும் தனித்தனியா, மூஞ்சியப் பாத்து, வாங்கன்னு கேக்கணும். நீ இந்த வீட்டுப் பிள்ளை. அவுகளை நீதான் கேக்கணும்."

"அத்தை வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சுதே சின்னாத்தா. வந்த ஆளைப் போய் ஏன் வாங்கன்னு கூப்பிடுறது?"

"நேத்தே வந்தவுகளா இருந்தாலும் நீ இன்னைக்குத்தானே பாக்குறே? கேக்கணும்."

"என்னையும் கேப்பாகளா?"

"நம்ம பிள்ளைக்கு என்னத்துக்கு வாங்க? 'வா ஆத்தா'ன்னாப் போதும்."

"ஓம். ஒருத்தரைக் கேக்காம விட்டுட்டா என்ன ஆகும்?" ஆமாம் என்பதற்கு அவளுக்கு இலங்கைப் பழக்கத்தில் ஓம்தான்.

"சாப்பிடாமப் போயிருவாக. பேத்தி கல்யாணத்துல வச்சுச் சொல்லிக் காட்டுவாக."

"அவ்வளவு பெரிய விசயமா?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய் நாத்தனார் முன்னால் நின்று, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி முகத்தைப் பார்த்து, "வாங்க" என்றாள். நாத்தனார் பயந்து இரண்டு அடி பின்னால் போய், அப்படியே இலையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பால்காரர் வந்தால் வாங்க. அவர் பிடித்து வருகிற எருமைக்குத் தனியாக ஒரு வாங்க. "அதையும் எதுக்கு ஆச்சி கேக்குறீக?" என்று பால்காரர் கேட்டதற்கு, "பால் குடுக்குறது நீங்களா, அவுகளா?" என்றாள். வளையல்காரருக்கு வாங்க. தெருவில் சண்டை போட்டுக்கொண்டே வந்த புருசன் பெண்டாட்டிக்கு ஆளுக்கு ஒரு வாங்க. அவர்கள் என்னவோ விருந்து என்று நினைத்துச் சண்டையை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் படி ஓரத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிறவர்களை எல்லாம் வாங்க, வாங்க என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஆச்சி, பஸ்ஸு உங்க அப்பச்சி விட்டதா?" என்று கேட்டார். "அப்ப நீங்க கேளுங்க. நீங்க கேக்காததாலதானே நான் கேக்குறேன்" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் அந்தக் கண்டக்டர், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கிழவருக்கு வாங்க சொன்னார்.

கோயிலில் கும்பிட்டு முடித்து எல்லாரும் கிளம்பின பிறகும் இவள் பிள்ளையார் முன்னால் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

"என்ன ஆத்தா, வேண்டுதல் இன்னும் முடியலையா?"

"நாமதானே அவர் வீட்டுக்கு வந்திருக்கோம். அவர்தானே கேக்கணும். இன்னும் கேக்கலை."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வினை சிங்கம்புணரிச் சந்தையில் வந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காளைமாட்டின் வாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டிருக்கிறாள். மாட்டுக்குத் தொண்டையில் என்னவோ அடைத்திருந்ததாம். அடைத்தது வெளியே வந்ததோ இல்லையோ, சேதி வெளியே வந்துவிட்டது. அவளுக்கு முந்தின பஸ்ஸிலேயே அது காரைக்குடி வந்து சேர்ந்தது.

மாமனார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"இன்னாரு பேத்தி சந்தையில மாட்டு வாய்க்குள்ள கைய விட்டா. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போறது? கண்டியும் வேணாம் கிண்டியும் வேணாம். கப்பல் ஏறினது போதும். இந்த லீவுலயே கல்யாணத்தை முடிச்சிருவோம்."

பினாங்கிலிருந்த அவள் அப்பச்சி, அதாவது அப்பா, தன் தகப்பன் பேச்சைத் தட்டாதவர். 'ஐயா சொன்னால் சரி' என்று தந்தி அடித்துவிட்டார். தேவகோட்டையில் ஒரு இடம். பையன் நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவளுக்குப் படிப்பில் இன்னும் ஒரு வருசம் பாக்கி இருந்தது. அந்த ஒரு வருசம் போனால் முன்னால் படித்தது அத்தனையும் போச்சு.

அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசம்தான் சின்னாத்தா கேக்குறேன். கல்யாணமே வேணாம்னு சொல்லலை."

"ஐயாகிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னேன். மாட்டு டாக்டரை எவன் கட்டுவான்னு கேட்டாக. மாடு வச்சிருக்கவன் கட்டுவான்னேன். எந்திரிச்சுப் போயிட்டாக."

என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நிறுத்துகிறோம் என்று கூட என்னிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சிலேட்டைத் தேடினேன், அடுப்படியில் அதன்மேல் உப்பு கொட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

தேவகோட்டைக்காரர்கள் பேசி முடிக்க வருகிற நாள் வந்தது. அந்த வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். வாங்க கேட்பதில் அவரைப் போல ரோசக்காரர் கிடையாது. ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் தன்னைக் கேட்கவில்லை என்று, பாயசம் ஊற்றின இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து போனவர். ஆகவே மாமனார் வீட்டில் உள்ளவர்களை எல்லாம் வளவில் நிறுத்தி உத்தரவு போட்டார்.

"யாரை விட்டாலும் விடுங்க. அந்தப் பெரியவரை மட்டும் விட்டுறாதீக. அவரு மூஞ்சி சுருங்குச்சுன்னா சம்பந்தம் போச்சு. தெரிஞ்சுச்சா?"

எல்லாரும் தெரிந்தது என்றோம். வாங்காச்சி மட்டும், "ஓம் ஐயா, நல்லாத் தெரிஞ்சுது" என்றாள்.

இரண்டு கார் வந்து நின்றது. பெண் உள்ளே இருக்க வேண்டும் என்பது முறை. இவள் முகப்பில், வாசல்படிக்கு நேராக வந்து நின்றாள். முதலில் இறங்கியவள் மாப்பிள்ளையின் ஆத்தா. "வாங்க." அத்தைமார்கள். "வாங்க, வாங்க." பழத்தட்டு தூக்கி வந்தவர். "வாங்க." மாப்பிள்ளையையே பார்த்து "வாங்க" என்றாள். அந்தப் பையன் காது வரைக்கும் சிவந்து, படி தடுக்கி உள்ளே வந்தான். இரண்டு கார் டிரைவர்களுக்கும் கேட்டாள். மதில்மேல் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. அதற்கும் ஒரு வாங்க.

கடைசியாகப் பெரியவர், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு படியேறினார். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரை நேராகப் பார்த்து, நல்லாச் சிரித்து, வாயை மூடிக்கொண்டாள்.

அவர் உள்ளே வந்தார். நின்றார். என்னவோ நினைத்துக்கொண்டு, "செருப்பைச் சரியா விடலை" என்று சொல்லி வெளியே போய் மறுபடியும் வந்தார். சிரித்தாள், கேட்கவில்லை. கார் கதவைப் பூட்டினார்களா என்று பார்த்துவிட்டு வருவதாகப் போனார். திரும்பி வந்து அவள் எதிரிலேயே நின்று ஒரு இருமல் இருமினார். "தண்ணி குடிக்கிறீகளா?" என்று கேட்டாள். தண்ணீரும் கொடுத்தாள். வாங்க மட்டும் இல்லை.

மற்றவர்கள் எல்லாரும் அவரைக் கேட்டோம். அவர் காதில் அது ஏறவே இல்லை. வரப்போகிற பெண் கேட்காத வாங்கதான் அவருக்கு வேண்டியிருந்தது. மாமனார் வளவில் இருந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைக் காட்டினார், அவளிடம் சொல்லு, சொல்லு என்று. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். முழங்கையால் ஒரு இடி இடித்தால் போதும்.

நான் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பெரியவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். "இந்த வீட்டுல காக்காய்க்கு வாங்க இருக்கு, எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் பின்னால் பழத்தட்டு போனது, அத்தைமார்கள் போனார்கள். இவள் வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும், "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று மரியாதை குறையாமல் வழியனுப்பினாள். அதிலும் பெரியவரை விட்டுவிட்டாள்.

மாமனார் முகப்புக்கு வந்தார்.

"மறந்துட்டியா, வேணும்னே விட்டியா?"

மறந்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"வேணும்னேதான் ஐயா. படிப்பை முடிச்சிட்டு வந்து அவரு வீட்டுக்கே போய் வாங்க கேக்குறேன். அதுவரைக்கும் நீங்க யாரை வரச் சொன்னாலும் ஒரு ஆளை விட்டுருவேன். யாரைன்னு மட்டும் முன்னாடி சொல்ல மாட்டேன்."

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"நீ அங்கனதானே நின்னே?"

"வாயில வெத்தலை இருந்துச்சு மாமா."

"துப்பிட்டுச் சொல்றதுக்கென்ன?"

"விருந்தாளி வந்திருக்கையில எங்குட்டுத் துப்புறது?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "அவ படிச்சிட்டு வரட்டும் மாமா. ஒரு வருசத்துல குடி முழுகிறாது." வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் அப்படி நின்று பேசியது அதுதான் முதல். நாத்தனார் கேள்விப்பட்டு, எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். ஏறியதுதான். இன்னும் இறங்கவில்லை.

மாமனார் எங்கள் இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் இவள் கப்பலுக்குக் கிளம்புகிற நாள் நெருங்கினபோது சமையல்காரரைக் கூப்பிட்டு, "சீப்புச் சீடை நெறையச் சுடு. கப்பல்ல காத்துக்குப் பசிக்கும்" என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார். ஸ்டேஷனுக்கு வர மாட்டேன் என்றவர், நாங்கள் போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறார். தூண் ஒல்லி, அவர் அப்படியில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஐயா, வாங்க" என்று கூப்பிட்டாள். மனிதர் வந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆள்கள் எத்தனை பெரிய கோபக்காரராக இருந்தாலும் கேட்ட வாங்கவைத் தட்ட மாட்டார்கள்.

படிப்பை முடித்தாள். சொன்னபடியே தேவகோட்டைக்குப் போய் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் நின்று அவரை வாங்க கேட்டாள். தன் வீட்டு வாசலில் தன்னையே வாங்க கேட்கிறாளே என்று அவருக்குச் சிரிப்பு வந்து, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாராம். அவள் கல்யாணம் அவள் சொன்ன நேரத்தில், பினாங்கில் நடந்தது. மாடுகள் அங்கே அவள் தயவில் சுகமாக இருந்திருக்கும். காரைக்குடிக்கு அதற்குப் பிறகு அவள் வரவு குறைந்து குறைந்து, நின்றும் போய்விட்டது.

இன்றைக்கும் என் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் மொத்தமாகக் கும்பிடுவதில்லை. ஒவ்வொருத்தராக முகம் பார்த்து வாங்க கேட்டுவிடுவேன். எல்லாரையும் கேட்டு முடித்த பிறகும் வாசலை ஒரு தடவை பார்ப்பேன். அவளுக்கு என்று ஒரு 'வா ஆத்தா' வாயிலேயே நிற்கிறது. அதை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.