ஒரேயொரு விஷயம் மட்டும் சொல்லிக்கறேனுங்க

சேர்வராயன் மலையில் குரங்குகளுக்கு அடுத்தபடியாக அதிகம் நடமாடும் உயிரினம் ஒன்றை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அதன் பெயர் புத்திசொல்லி. கொம்பு கிடையாது, நகம் கிடையாது; ஆனால் பிடித்தால் விடாது. 'ஒரேயொரு விஷயம் மட்டும் சொல்லிக்கறேனுங்க' என்று சத்தம் கொடுக்கும். கேட்டவுடன் ஓடிவிட வேண்டும். நின்றீர்களோ, தொலைந்தீர்கள்!

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் கிங்ஸ்டன். ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறார். தங்க வரும் புதுமணத் தம்பதிகளுக்குச் சாவியைக் கொடுப்பதற்குமுன் இல்லறம் பற்றி ஒரு பிரசங்கம் செய்து, சேலம் பஸ்ஸில் ஏறினால் கொண்டை ஊசி வளைவில் டிரைவருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்து, வளைவோரம் பழம் தின்னும் குரங்கிடம் "தோலை அப்படி உரிக்கக்கூடாது சாமி" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டித் திருத்தி, இறங்கும்போது கண்டக்டருக்குச் சர்க்கரை நோய்க்கு வைத்தியமும் சொல்லிவிட்டுத்தான் போவார். கண்டக்டருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அதனாலென்ன? வராமலா போய்விடும்?

அப்பேர்ப்பட்டவர், வெள்ளக்கடைப் பக்கம் இருக்கும் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு ஒரு கீசர் வாங்கிக் கொடுத்துவிட்டார். அன்று தொடங்கியது சனி. வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், சோற்றை வெறுத்தவர்கள், பேச்சையே நிறுத்திக்கொண்டவர்கள் என்று பள்ளிக்கூட வயதுப் பெண்கள் தங்கித் தேறும் இடம் அது. வியாழக்கிழமைதோறும் நான் அங்கே கணக்குச் சொல்லித்தரப் போவேன்.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். பூரிக்கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். புத்தி மட்டும் யாரும் சொல்லக்கூடாது. வார்டன் லூர்துசெல்வி போட்ட சட்டம் இது. ஏன் பூரிக்கட்டை என்கிறீர்களா? முதல் நாள் கைக்கு அகப்பட்டது அதுதான்.

வட்டத்தில் ஷெர்லின் என்று ஒரு பெண். வாழவந்தி கிராமத்துக்காரி, பதினைந்து வயது. மூன்று முறை வீட்டை விட்டு ஓடியவள். ஏன் ஓடினாள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் சேலத்தில் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவளுக்கு விசாரணை. கூட்டிக்கொண்டு போக அம்மா வருகிறாள். காரணம் எதுவும் சொல்லாவிட்டால் அம்மாவோடு அனுப்பிவிடுவார்கள். வாரக்கணக்காகப் பூரிக்கட்டையைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிக்கொண்டிருந்த ஷெர்லின், அன்றைக்கு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்ல…" என்றாள் ஷெர்லின்.

"கண்ணு! ஒரேயொரு விஷயம் மட்டும்!"

வாசலில் கிங்ஸ்டன். கீசர் ஓடுகிறதா என்று பார்க்க வந்தாராம். வட்டத்தின் நடுவே வந்து நின்றார், பூரிக்கட்டையை லாவகமாக வாங்கிக்கொண்டார், ஆரம்பித்துவிட்டார். விடியற்காலையில் எழுவதன் பெருமை, கறிவேப்பிலையை ஒதுக்குவதன் தீமை, செல்போனின் கதிர், பெங்களூரில் இருக்கும் தம் மகளின் அடக்கம்… அடடா, அடைமழைதான் போங்கள்!

"ஏனுங்க சார், அந்தப் புள்ள பேசிட்டு இருந்துச்சுங்க" என்றார் லூர்துசெல்வி.

"பேசட்டுமுங்க, நொம்ப சந்தோசம். எப்படிப் பேசோணும்னு சொல்லிக் குடுத்துட்டா இன்னும் நல்லாப் பேசும்."

வாயை அடைக்க மிளகாய் பஜ்ஜி வந்தது. மாவில் ஆப்ப சோடா எவ்வளவு போட வேண்டும் என்று அதற்கும் தனியாக ஒரு கிளை பிரிந்தது. பெண்களின் கண்கள் சொருகின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெர்லின் எழுந்தாள். நேரே போய்ப் பூரிக்கட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. பேச்சையும் விடவில்லை.

"ஒத்தைக் கையில இழுத்தா வருமா கண்ணு? ரெண்டு கையிலயும் புடி. காலை அகட்டி ஊனிக்கோ. ஆங்… இப்பப் பின்னால சாஞ்சு இழு!"

சொன்னபடியே செய்தாள். கட்டை அவள் கையில், கிங்ஸ்டன் தரையில்.

"பாத்தீங்களாங்க! சொன்னதக் கேட்டா எப்படி வருதுன்னு!" என்று விழுந்த இடத்திலிருந்தே பூரித்தார் மனிதர். பெண்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். ஷெர்லினும் சிரித்தாள். சிரித்த வாயோடேயே சொல்லிவிட்டாள்:

"எங்க மாமனுக்கு என்னைக் கட்டிவெக்கப் பாக்கறாங்க. மூணு தடவையும் அதுக்குத்தான் ஓடுனேன். டீச்சர்கிட்டச் சொல்லப் போனா, பெத்தவங்க பேச்சக் கேக்கோணும்னாங்க. பஸ்ல ஒரு அக்காகிட்ட ஆரம்பிச்சேன். பொம்பளப் புள்ள அடங்கி இருக்கோணும்னுட்டு எறங்கிப் போயிட்டாங்க. நான் ஊட்டுக்குப் போகமாட்டனுங்க. பத்தாவது எழுதோணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. தரையிலிருந்தபடியே கிங்ஸ்டன் வாயைத் திறந்தார். கையைப் பார்த்தார், காலியாக இருந்தது. மூடிக்கொண்டார். ஏற்காட்டில் அப்படியொரு அதிசயத்தை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"நாளைக்கு நானும் கூட வர்றேன் கண்ணு" என்றார் லூர்துசெல்வி. வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷெர்லின் சேலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்; இல்லத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கிங்ஸ்டனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் இப்போது உங்கள் நாக்கு நுனியில் ஒன்று துடிக்கிறதே, 'இந்தப் பொண்ணு இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே' என்று? மூன்று முறை சொல்லத்தான் வந்தாள், ஐயா. ஒவ்வொரு முறையும் எதிரே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த பஸ்ஸில் நீங்கள் போகவில்லையே?