கழித்தல் கணக்கு

ஒரு காட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரே டீச்சர், பவளக்கொடி என்ற முயல்.

ஒருநாள் சிங்கராஜாவுக்குப் பெரிய அவமானமாகிப் போயிற்று. பக்கத்துக் காட்டுக் குட்டிகள் சரளமாகப் படிக்கின்றனவாம், கணக்குப் போடுகின்றனவாம். இந்தக் காட்டுக் குட்டிகளுக்கோ எழுத்துக்கூட்டவே நாக்குத் தள்ளியது. கூட்டல் தட்டுத்தடுமாறி வந்தது, கழித்தல் வரவே இல்லை. உடனே 'கர்ஜிக்கும் கல்வி' என்று ஒரு திட்டம் போட்டார் ராஜா. மழைக்காலத்துக்குள் எல்லாக் குட்டிக்கும் படிப்பும் கழித்தலும் வந்தாக வேண்டும்.

"வரலைன்னா, சார்?" என்று பவளக்கொடி கேட்டாள்.

"டீச்சரை மாத்திடுவோம்" என்றது ஆணையைக் கொண்டுவந்த கல்வி அதிகாரி நரி. எங்கே மாற்றுவார்கள் என்று சொல்லவில்லை.

படிப்பு எப்படியோ வந்துவிட்டது. கழித்தல்தான் மசியவில்லை. கூழாங்கல்லை வைத்துக் காட்டினாள். குட்டிகள் கொட்டாவி விட்டன. கடைசியில் எல்லாரையும் குளக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். காலையில் தண்ணீர் குடிக்க எத்தனை மான் வருகிறது, சாயங்காலம் எத்தனை வருகிறது, எண்ணுங்கள் என்றாள். ஒரே வாரத்தில் வகுப்பே கழித்தலில் புலியாகிவிட்டது.

சோதனைக்கு ராஜாவே வந்தார். கேட்ட கணக்குக்கெல்லாம் செவ்வந்தி என்ற மான்குட்டி டக் டக்கென்று விடை சொன்னாள். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"எப்படிம்மா கத்துக்கிட்ட?"

"குளத்தங்கரையில எண்ணித்தான், ராஜா. நேத்து காலையில எட்டு மான் வந்துச்சு. சாயங்காலம் ஏழுதான்."

"மீதி?" என்று நரி பழக்கதோஷத்தில் கேட்டுத் தொலைத்தது.

"ஒண்ணு" என்ற செவ்வந்தி, ராஜாவின் வயிற்றையே பார்த்தாள். வகுப்பே பார்த்தது.

பவளக்கொடியின் காதுகள் தொங்கிப்போயின. "அது எங்கயாவது ஊருக்குப் போயிருக்கும், ராஜா" என்றாள்.

ராஜா கோபப்படவே இல்லை. பிஞ்சு மூளைக்குக் கழித்தல் பெரிய பாரம் என்று மறுநாளே பாடத்திலிருந்து எடுத்துவிட்டார். இனிமேல் கூட்டல் மட்டும். எல்லாக் குட்டியும் தேறியது. காடு முதலிடம் பிடித்தது. பவளக்கொடிக்குச் சிறந்த டீச்சர் விருது அறிவித்து, குகைக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

பெருமை பாதி, பயம் பாதியாக மீசையை நீவிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கவில்லை.

"உங்க பள்ளியில டீச்சர் எத்தனை பேர்?" என்று இன்றைக்குப் போய்க் கேட்டாலும் குட்டிகள் ஒரே குரலில் "ஒண்ணு" என்கின்றன. செவ்வந்தி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு அதையே சொல்கிறாள்.

நீதி: கழித்தல் கற்றுத்தராத காட்டில் யாரும் குறைவதில்லை.