சோகக் காட்சியில் என் வயலின்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சினிமாவுக்கு வாசித்தவனுக்கு உங்கள் சபா மேடையில் இடமில்லை என்று போன மாதம் கச்சேரிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தீர்கள். அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் நான் வாசித்த படத்தை நேற்று பார்த்துவிட்டேன் அத்தான்.

ஒலிப்பதிவில் எங்களுக்குப் படத்தைக் காட்டவே மாட்டார்கள். கண்ணாடி அறைக்குள் தனியாக உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சுபபந்துவராளி ராகம், நல்லா உருக்கமா என்றார்கள். உருக்கினேன். எந்தக் காட்சிக்கு என்று கேட்டதற்கு, படத்துக்கே உயிர் அதுதான் சார் என்றார் ஒலிப்பதிவாளர். அதனால் தியேட்டரில் உட்கார்ந்ததிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். முதல் பாதியில் காமெடியன் ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு மாடிப்படியில் உருளுகிறான், பின்னால் ஒரு வயலின் கீச்சுக்கீச்சென்று அறுக்கிறது, ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. எனக்கு வந்ததே கோபம். எவனோ கத்துக்குட்டி, வில்லைப் பிடிக்கவே தெரியாதவன் என்று என் மனைவியிடம் சத்தமாகவே சொன்னேன். நீங்கள் சினிமா என்றாலே முகம் சுளிப்பது இந்த மாதிரி ஆட்களால்தானே.

இடைவேளைக்கு அப்புறம் வந்தது பாருங்கள் சாவுக் காட்சி. கதாநாயகியின் அம்மா கண்ணை மூடுகிறாள், வயலின் எழும்புது, அதே சுபபந்துவராளி, நம்ம ராகம், நம்ம வில்லு, உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, உட்கார முடியல அத்தான், எழுந்து நின்னுட்டேன். பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஓர் அம்மாள், மறைக்குது, உட்காருங்க என்றார்.

“அம்மா, இது நான் வாசிச்சது” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க அம்மா போனப்பகூட நான் இப்படி அழலைங்க” என்றார்.

சொல்லுங்க அத்தான், உங்க மேடையில இத்தனை வருஷத்துல நான் யாரையாவது அழவெச்சிருக்கேனா? எனக்கு ஆசை ஒண்ணுதான். நீங்க முன்வரிசையில உட்காரணும், நான் வாசிக்கணும், நீங்க ஒரு தடவை தலையாட்டணும். அடிச்ச பேரை மறுபடி எழுதிடுங்க.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி என் வில்லுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒலிப்பதிவாளர் போன் செய்தார். சாவுக் காட்சியில் வாசித்தது மனுஷனே இல்லையாம், கீபோர்டாம். என்னுடையதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கோழிக்குப் போட்டார்களாம், போகிற ஊரெல்லாம் விசிலாம். மனைவிக்கு நேற்று கேட்டதுமே என் வாசிப்பு என்று தெரிந்துவிட்டதாம், நான் திட்டி முடிக்கட்டும் என்று இருந்தாளாம். ஆனாலும் பேரை எழுதிடுங்க அத்தான். மெதுவாகத்தான் வாசிப்பேன். கூட்டம் எழுந்து போகிற மாதிரி இருந்தால் மட்டும் நீங்கள் கண்ணைக் காட்டுங்கள், கோழி வேகத்தில் வாசிக்கிறேன்.