வாஷிங்டனைத் திருத்தப் போனவர்

பதவியை விடாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் தனி இனம் ஒன்று இருக்கிறது. தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தான் இல்லவே இல்லை என்று மனப்பூர்வமாக நம்புகிற இனம். பார்த்ததில்லையா? வெண்டல் ஹாக்ஸ்ட்ராவைப் பாருங்கள்.

முப்பத்தெட்டு வருடங்களாக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, கட்டம் போட்ட சட்டையும் விவசாயித் தொப்பியுமாக மேடையேறி, "வாஷிங்டன்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு நம்ம கஷ்டம் தெரியுமா? என்னை அனுப்புங்க, ஒரு கை பாத்துடறேன்" என்பார். அனுப்பினார்கள். பத்தொன்பது தடவை, நாடாளுமன்ற உறுப்பினராக. வாஷிங்டனில் அவருக்கு வீடு, பல் டாக்டர், பேரப்பிள்ளைகள் எல்லாம் உண்டு. அயோவாவில் அந்தச் சட்டை மட்டும் இருந்தது.

வேஷம் என்று நினைக்காதீர்கள். வேஷக்காரன் என்றைக்காவது கலைப்பான். இவர் நம்பினார்.

போன வசந்தத்தில் ஆர்ஸ்லண்ட் என்ற சிற்றூரில் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்று ஜனங்கள் மழையில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். காரில் வந்த ஹாக்ஸ்ட்ராவுக்கு ரத்தம் கொதித்தது. இறங்கினார். ஒருவர் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கே போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் செயலாளராக இருக்கும் டோரீன் குடையோடு பின்னால் ஓடினாள்.

"சார், வண்டிக்கு வாங்க."

"இரும்மா. யாரு பண்ணின அநியாயம் இது?"

"மெதுவாப் பேசுங்க. போன வருஷம் ஒரு செலவு மசோதா வந்துச்சில்ல, சின்ன ஆஸ்பத்திரிங்களோட மானியம் அதுலதான் போச்சு."

"எவனெவன் அதுக்கு ஓட்டுப் போட்டான்? பேரெல்லாம் எடு."

"எடுத்துட்டேன் சார். ஹெச் வரிசையில நீங்க இருக்கீங்க."

அவர் நடையை நிறுத்தவில்லை. ஆனால் எதிரே மார்னி வாஸ் வந்து நின்றாள். அந்த வார்டில் இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்த நர்ஸ்.

"வெண்டல், உங்க மக பொறந்ததே இங்கதான். இனிமே வலி எடுத்தா எழுபது மைல் போகணும். நீங்க ஓட்டுப் போட்டீங்களா, இல்லையா?"

தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் நின்றார். பெண் பிறந்த அன்று அந்த வார்டு வராந்தாவில் விடியும்வரை குறுக்கும் நெடுக்கும் நடந்தது நினைவுக்கு வந்தது. "ஆமா மார்னி, தப்புப் பண்ணிட்டேன்" என்பது நாக்கு நுனிவரை வந்தே விட்டது. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் மனிதர் உருப்பட்டிருப்பார்.

டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"மார்னி, நீ கேட்டது நியாயமான கேள்வி" என்றது அந்த நாக்கு, அதன் பாட்டுக்கு. "இதையேதான் நானும் வாஷிங்டனைக் கேக்கறேன்."

கூட்டம் கை தட்டியது. மார்னி தட்டவில்லை. இலையுதிர் காலத்தில் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றாள். வீடு வீடாக ஏறி இறங்கி, அந்த மசோதாவுக்கு அவர் ஓட்டுப் போட்ட விவரத்தை அச்சடித்துக் கொடுத்தாள். ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள், "அநியாயமா இருக்கே" என்றார்கள், இதைத் தட்டிக் கேட்க அனுபவமுள்ள ஆள்தான் வேண்டும் என்று நூற்றுக்கு அறுபத்தொரு பேர் ஹாக்ஸ்ட்ராவுக்கே போட்டார்கள்.

வார்டு மூடப்பட்டது. ஜனவரிப் பனியில் ஒரு பெண்ணுக்கு நாற்பதாவது மைலில், லாரியின் முன் சீட்டிலேயே பிரசவம் ஆனது. முதல் ஆளாகக் கம்பளியோடு போனவர் ஹாக்ஸ்ட்ராதான். குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்து அழுதார். நிஜக் கண்ணீர். "இது வாஷிங்டன் காதுல விழணும்" என்றார். அந்த எழுபது மைல் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில், "இந்த வீட்ல ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பாக்கறதில்ல" என்று போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னீர்களாமே. உங்கள் வீட்டில்தான் சொன்னார்கள்.