மூன்றாவது ஆல்பத்தில் மணி இல்லை

டும்... டும்... டும்.

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இரவு வேலை பார்ப்பவனின் படுக்கையறை அது. பகல் உள்ளே வந்துவிடக் கூடாதென்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து வைத்திருக்கிறேன். அந்த இருட்டுக்குள் கூரை வழியாக இறங்கியது அந்தச் சத்தம். டும்... டும்.

மூன்றாவது டும்மிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நாலு தாடிகள். புது கிறிஸ்துமஸ் ஆல்பம். இரண்டாவது பாட்டு.

நாலு தாடிகள் என்பது ஒரு ராக் இசைக்குழு. அவர்களுக்கு வேறு பெயர் உண்டு. ரசிகர்களாகிய நாங்கள் அதைச் சொல்வதில்லை. இப்போது அதில் இரண்டு தாடி நரைத்துவிட்டது. ஒன்று மழிக்கப்பட்டுவிட்டது. ஒன்று ஆளோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இருந்தாலும் நாலு தாடிகள்தான். எங்கள் கைபேசிக் குழுவிலும் அப்படித்தான். பதினொரு ரசிகர்கள். ஒருவர் காலமாகி ஒரு வருடமாகிறது. பெயரை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. குழுவில் சண்டை போடாத ஒரே உறுப்பினர் அவர்தான்.

நான் கல்யாணம் செய்துகொண்ட வருடம் அவர்களுடைய முதல் கிறிஸ்துமஸ் ஆல்பம் வந்தது. மகள் பிறந்த வருடம் இரண்டாவது. மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய், வீட்டில் நாங்கள் இரண்டே பேர் மிஞ்சிய இந்த வருடம் மூன்றாவது. வந்த அன்றே குழுவில் தீர்ப்பு எழுதினேன்.

'முதல் ஆல்பம் பனி. இரண்டாவது மழை. மூன்றாவது குழாய்த் தண்ணீர். முக்கியமாக, இதில் ஒரு மணிகூட இல்லை. மணி இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் ஆல்பம்?'

பத்து நிமிடத்தில் மறுப்பு வந்தது. எழுதியவர் மேல்வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். குழுவில் சேர்ந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது.

'மணி இருக்கிறது. இரண்டாவது பாட்டு முழுக்க, டிரம்முக்கு மேலே இருக்கிறது. தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதென்று யாரோ டம்ளர்களை மெதுவாக அடுக்குகிற மாதிரி. இந்த ஆல்பத்தில் அவர்கள் கத்தவில்லை. கத்தித் தீர்த்தவர்களுக்குப் பிறகு வருகிற அமைதி இது.'

ஏழு பேர் இதயம் போட்டார்கள். 'கிளட்சை விடு, பிரேக்கை மிதி' என்பதைத் தாண்டி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராத மனிதர், இப்படி எழுதுகிறார். இப்போது கூரைக்கு மேல் அதே பாட்டைப் போட்டு என் தூக்கத்தின் மேல் வண்டி ஓட்டிப் பழகுகிறார்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அதுல மணி இருக்கா?"

கத்தியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். "இருக்கே."

"எங்க?"

"இப்பக்கூட அடிக்குதே. உங்களுக்குக் கேக்கலையா?"

இதற்குத்தான் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் என் காதில் வந்து நிற்பாள். இரண்டு வருடமாகக் காது டாக்டரிடம் போகச் சொல்கிறாள். நான் காது கொடுப்பதில்லை.

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல."

"வாசல்ல பெல் அடிச்சா கேக்கல."

"பெல் ரிப்பேர்."

"போன வாரம் நம்ம பொண்ணு போன்ல அழுதா. நீங்க, 'ரொம்ப சந்தோஷம்மா, இப்படியே இரு'ன்னீங்க."

"லைன் சரியில்ல."

"அவ என்கிட்ட கேட்டா. அப்பாவுக்கு என் மேல என்னம்மா கோவம்னு."

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதைச் செய்தேன். குரலை உயர்த்தினேன்.

"இது பாட்டு கேட்டே வளர்ந்த காது!"

பொய் இல்லை. நான் வேலை பார்ப்பது பாட்டில் நிரப்பும் ஆலையில். இரவு முழுக்க ஓடும் கன்வேயர் பட்டையில் கண்ணாடியோடு கண்ணாடி மோதும். காதை அடைத்துக்கொள்ள நுரை உருண்டை கொடுத்தார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டேன். காதில் நாலு தாடிகளை மாட்டிக்கொண்டேன். பாட்டில்களைவிடச் சத்தமாக. பத்தொன்பது வருடம்.

அங்கேயே, வெங்காயத் தோல்களின் முன்னிலையில், ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை மாஸ்டரைக் கூப்பிடு. சோதனை வைப்போம். ஒரே பாட்டை மூணு ஆல்பத்துலயும் பாடியிருக்காங்க. நான் சுவரைப் பாத்து உக்காந்துக்கறேன். நீ மாத்தி மாத்திப் போடு. எது எந்த ஆல்பம்னு மூணு வினாடியில சொல்றேன்."

"ஜெயிச்சா?"

"இந்த வீட்டுல இனிமே காதுங்கற வார்த்தையே வரக் கூடாது."

"தோத்தா?"

"நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

"எங்கன்னாலும்?"

"எங்கன்னாலும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கண்ணையும் கட்டிக்கணும்" என்றாள்.

"வாயைக்கூடக் கட்டிக்கறேன்."

"அது வேண்டாம். பேசணும் நீங்க."

ஞாயிறு மாலை. மாஸ்டர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், கற்றுக்கொள்பவனின் காரில் உட்காருகிறவர் மாதிரி. மனைவி, பாதி மடித்த துணிக் கூடையைக் காலால் ஒதுக்கிவிட்டு, துண்டால் என் கண்ணைக் கட்டினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"மாஸ்டர், இன்னைக்கு உங்க லைசென்ஸ் ரத்து" என்றேன்.

"அண்ணே, வேண்டாம்ணே" என்றார் அவர். குரல் ஒரு மாதிரி இருந்தது. பயம் என்று நினைத்தேன்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் மனைவி.

"போடு."

காத்திருந்தேன். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ லாரி போனது.

"ம், போடு."

பதில் இல்லை.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?"

மாஸ்டர் செருமினார்.

"என்ன ரெண்டு பேரும் விளையாடறீங்களா? போடும்மா!"

"ஓடிக்கிட்டுதாங்க இருக்கு" என்றாள் அவள்.

அப்போது டிரம் விழுந்தது. அதன்பின் அந்தக் குரல், இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய, தாடி கறுத்திருந்த காலத்துக் குரல். முதல் ஆல்பம்.

முதல் ஆல்பத்தில் அந்தப் பாட்டு எப்படித் தொடங்கும் என்று பதினொரு ரசிகர்களில் காலமானவருக்குக்கூடத் தெரியும். பதினொரு வினாடி. வேறு எந்த வாத்தியமும் கிடையாது. வெறும் மணி.

நான் துண்டை அவிழ்க்கவில்லை.

தினமும் காலையில் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பாட்டைத்தான் போடுவேன். பொத்தானை அழுத்துவேன், உடனே மணி அடிக்கும். ஒருநாளும் தவறியதில்லை. அது அடித்துக்கொண்டிருந்தது பாட்டுக்குள் இல்லை, எனக்குள்ளே என்று இப்போதுதான் தெரிந்தது. இன்றைக்குப் பொத்தானை அழுத்தியது நான் இல்லை. அழுத்தியதை நான் பார்க்கவும் இல்லை. அதனால் அடிக்கவில்லை. எத்தனை வருடமாக இப்படி? என் காதில் நானே பூச்சுற்றிக்கொண்டு, அந்தப் பூவுக்கு வாசனை வேறு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மனைவி பாட்டை நிறுத்தினாள். துண்டை அவளே அவிழ்த்தாள். கையில் ஒரு சீட்டு இருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர். நாளை காலை பத்து மணி. சீட்டு கொடுத்த தேதியும் மூலையில் போட்டிருந்தது. மூன்றாவது ஆல்பம் வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கியிருக்கிறாள்.

"மீதி ரெண்டு ஆல்பம்?" என்றேன்.

"வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். தோற்றவனுக்குரிய பெருந்தன்மையோடு மாஸ்டரிடம் திரும்பினேன். "நீங்க ஜெயிச்சிட்டீங்க மாஸ்டர். டம்ளர் அடுக்கற மாதிரின்னு எழுதினீங்களே. ஒத்துக்கறேன், அழகான வரி."

மாஸ்டர் எழுந்து நின்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"அண்ணே, என்னால முடியல. நான் பாட்டே கேக்கறதில்லண்ணே. வண்டி ஓட்டும்போது பாட்டு கேட்டா கவனம் சிதறும்னு ஊருக்கே சொல்லித் தர்ற ஆளு நான்."

"அப்போ மேல தினமும் போட்டது?"

"அந்த சிடி அக்காவோடது. உங்களுக்கு விழிப்பு வர்ற நேரம் பாத்துப் போடச் சொன்னாங்க, காதைப் பத்தி உங்களுக்கே சந்தேகம் வரட்டும்னு. குழுவுல நான் சேந்ததும் அக்கா சொல்லித்தான். எழுதினதும் அக்காதான். நான் கைபேசியைக் குடுத்ததோட சரி." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "தாடி எத்தனைன்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே." படியேறி ஓடிவிட்டார்.

மனைவி கூடைக்கு அருகே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீ எப்பலேர்ந்து கேக்கற?" என்றேன்.

வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசினாள். கொஞ்ச நாளாகவே அவள் என்னிடம் அப்படித்தான் பேசி வந்திருக்கிறாள் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்க ராத்திரி வேலைக்குப் போன நாள்லேர்ந்து. வீட்டுல வேற என்ன சத்தம் இருக்கு?"

"மூணுலயும் எது நல்லாருக்கு?"

"மூணாவது."

எனக்குள் இருந்த ரசிகன் சாகவில்லை. துள்ளி எழுந்தான். "எப்படிச் சொல்ற? முதல் ஆல்பத்துக்கு முன்னால அது..."

"முதல் ரெண்டையும் நீங்க இருபது வருஷமா எனக்கு விளக்கிட்டீங்க. மூணாவதைத்தான் நான் நிம்மதியா கேட்டேன்."

ஊரில் நாலு தாடிகளின் முதல் ரசிகன் நான்தான் என்று இத்தனை வருடமாகச் சொல்லித் திரிந்தேன். வீட்டிலேயே நான் இரண்டாவது.

அவள் கூடையிலிருந்து படுக்கை விரிப்பை உருவி ஒரு முனையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து, இழுத்து, உதறி, நான்காக மடித்தோம். பிறகு அடுத்ததை எடுத்தோம்.