மாடல் வாரியாக ஒரு தகப்பனார்

உலகத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு, வண்டி வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: வண்டியை ஒப்பிக்கிறவர்கள். எங்கள் வொல்ஃப்ஸ்பர்க்கில் இந்த இனம் சற்றுச் செழிப்பாகவே விளைகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை. இந்தப் பக்கம் அதைப் பற்றிய பேச்சு.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சனிக்கிழமை வண்டி கழுவப் போய் நில்லுங்கள், போதும். தானாக வருவார். நாங்கள் செல்லமாக வண்டு என்று கூப்பிடும் பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால் இருந்தது, காற்றிலேயே குளிர்ந்தது, அதையே நம்பி உட்கார்ந்திருந்ததில் எழுபதுகளில் கம்பெனிக்கு மூச்சு முட்டியது, அப்புறம் எஞ்சினைத் தூக்கி முன்னால் வைத்து, தண்ணீரில் குளிரவிட்டு, பஸாட், சிரோக்கோ, கோல்ஃப், போலோ என்று வரிசையாக இறக்கித் தப்பித்துக்கொண்டது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கழுவின வண்டியில் மறுபடி தூசி படிந்திருக்கும். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதனால் நிறுத்துவாரா? அதுவும் இல்லை.

ஓர்ட்வின் காசெபாம் இந்த இனத்தின் அசல் மாதிரி. தொழிற்சாலையில் கதவு பொருத்தி ஓய்வு பெற்றவர். அங்கே வேலை பார்ப்பவர்கள் சலுகையில் ஒரு புது வண்டி எடுத்து, ஓராண்டு ஓட்டி, விற்றுவிட்டு அடுத்ததை எடுப்பது வழக்கம். ஆகவே ஓர்ட்வினுக்கு வருஷம் என்று தனியாக ஒன்று கிடையாது, வண்டிதான் வருஷம். மாமியார் காலமானது சாம்பல் நிற பஸாட். கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் ஒன்றானது வெள்ளை கோல்ஃப், இரண்டாம் தலைமுறை, நாலு கதவு. கல்யாண நாளையே மறந்துவிட்டீர்களே என்று மனைவி ஹெல்மா ஒருமுறை கேட்டதற்கு, மறக்கவில்லை, பழுப்பு போலோ என்று பதில் சொன்னார். இரவு வழக்கமாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். அந்த வாரம் ஹெல்மா அடுப்பே மூட்டாததால் மதியத்துக்கும் அதுவே கிடைத்தது.

இப்படிப்பட்டவருடைய மகள் கெஸீனாவுக்குக் கல்யாணம் வந்தது. விருந்தில் சூப்புக்கும் இறைச்சிக்கும் நடுவே பெண்ணின் தகப்பனார் எழுந்து பேச வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். கெஸீனா சின்னவளாக இருந்தபோது அவளுடைய பள்ளி நாடகத்துக்கு வந்தவர், வண்டி நிறுத்துமிடத்திலேயே இன்னொரு தகப்பனாரோடு கியர்பெட்டி பேசி நின்றுவிட்டார். அந்த நாடகத்தில் அவள்தான் ராணி. ஒரே ஒரு தடவை, நாலு பேர் நடுவில், அப்பா வாயால் தன்னைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஏக்கம். கூச்சத்தை விட்டுக் கேட்டும்விட்டாள்.

“அப்பா, கம்பெனி சரித்திரம் வேண்டாம். என்னைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, போதும்.”

“ஒண்ணு என்னம்மா, எத்தனையோ இருக்கே,” என்றார் ஓர்ட்வின்.

விருந்தன்று எழுந்தார். கரண்டியால் கோப்பையைத் தட்டினார். ஹெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால், அட, வண்டு வரவில்லை! கோல்ஃப் வரவில்லை! கடற்கரைக்குப் போய்த் திரும்பும் வழியில் பின் இருக்கைக் குழந்தைக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்து, எங்கேயோ உருண்டு போய், வீடு வரைக்கும் ஒரே அழுகையாக அழுததையும், சனிக்கிழமை வண்டியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பல் கம்பள மடிப்பில் கிடைத்ததையும், தூங்குகிற குழந்தையின் கைக்குள் வைத்து விரல்களைத் தாமே மூடியதையும் சொன்னார்.

“அந்தக் கையிலதான் இன்னைக்கு மோதிரம் ஏறியிருக்கு,” என்றார். மாப்பிள்ளையின் அத்தை மூக்கைச் சிந்தினாள். கெஸீனா சந்தோஷம் தாங்காமல் அழுதாள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மனுஷனுக்கு மனம் கேட்கவில்லை.

“வண்டி கருநீல ஜெட்டா. அதை மட்டும் சொல்லிக்கறேன்.”

கெஸீனா கண்ணைத் துடைத்தாள்.

“அப்பா, அது அண்ணன். ஜெட்டாவை நீங்க வித்தப்போ நான் பிறக்கவே இல்லை.”

அண்ணன் யோர்ன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓர்ட்வின் தப்பை ஒப்புக்கொள்ளாத ஆள் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார், முகம் தெளிந்தது.

“சரிதாம்மா. நீ வந்தப்போ வெண்டோ.”

“அதுல நான் என்னப்பா பண்ணேன்?”

மறுபடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். கூடம் முழுவதும் காத்திருந்தது.

“அது தொந்தரவே குடுக்காத வண்டிம்மா,” என்றார். பிறகு இறைச்சி வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களுடைய முதல் வண்டியின் பதிவெண்ணை இப்போது கேட்டால் மூச்சு விடாமல் சொல்வீர்கள், இல்லையா? நல்லது. உங்கள் இளைய பிள்ளைக்குப் பிடித்த நிறம் என்ன? வண்டியின் நிறத்தை நான் கேட்கவில்லை.